சோட்டுவுக்குப் பொருந்திய வண்டி

நம் பள்ளிக்கூடத் தோழிகளின் கைபேசிக் குழுவில் போன வாரம் ஒருத்தி கேட்டிருந்தாள்: “ஆறாம் வகுப்பில் நாய் உயரக் குதிரை பூட்டிய வண்டியில் வருவாளே ஒருத்தி, அவள் இருக்கிறாளா?” இருக்கிறேன் தோழிகளே. அந்தக் குழுவில் தினமும் காலை வணக்கத்துக்குப் பூப்படம் போடுகிறவள் நான்தான். நாய் உயரம் என்பது மட்டும் அநியாயம். என் குதிரை சோட்டு, அந்த வயதில் எனக்கு நெஞ்சு உயரம் இருந்தது.

வண்டியும் குதிரையும் பள்ளி வாசலுக்கு வந்ததிலிருந்துதான் உங்களுக்குத் தெரியும். அதற்கு முந்தைய இரண்டு மாதம், ஏப்ரலும் மேயும், எங்கள் மர்பி டவுன் வீட்டில் நடந்த அமர்க்களம் உங்களில் யாருக்கும் தெரியாது.

அப்பா வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தார். அந்த வருஷம் மைதானத்தில் கூடாரம் போட்டிருந்த ஒரு சர்க்கஸ், ஆட்டம் முடிந்ததும் கலைந்துபோனது. கூண்டுகளின் கம்பியை அறுத்துக் கொடுக்க அப்பாவைக் கூப்பிட்டிருந்தார்கள். பெரிய குதிரைகளை யார் யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். கோமாளியோடு வளையத்துக்குள் ஓடிய சின்னக் குதிரையை மட்டும் யாரும் தொடவில்லை. ஏறிப் போகவும் ஆகாது, பாரம் இழுக்கவும் ஆகாது என்று விட்டுவிட்டார்கள். குதிரைகளைப் பார்த்துக்கொண்ட சர்க்கஸ்காரம்மா கயிற்றைக் கொண்டுவந்து அப்பாவின் கையில் திணித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாளாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா அதை ஓட்டிக்கொண்டு தெருவுக்குள் வந்தார். செம்பழுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளைத் திட்டு, கண்ணை மறைக்கும் பிடரி. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்த கையோடு வெளியே வந்தாள்.

“இன்னாய்யா இது? கன்னுக்குட்டியா?”

“குதிரை.”

“குட்டியா?”

“இல்ல, இதுக்குப் பன்னெண்டு வயசு. இவ்ளோதான் வளருமாம்.”

“பன்னெண்டு வயசுக் குதிரை! நம்ம வூட்ல எங்கய்யா கட்டுவே? என் தலையிலயா?”

நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். சோட்டு நேராக என்னிடம் வந்து, என் மடியில் இருந்த பொரியை மூக்கால் தள்ளிப் பார்த்துவிட்டுத் தின்ன ஆரம்பித்தது. அதன் மூச்சு சூடாக இருந்தது. வைக்கோலும் மரத்தூளும் கலந்த ஒரு வாசனை. அம்மா திட்டுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் குதிரையை வேண்டாம் என்று சொல்லவே இல்லை.

என் இடது காலைப் பற்றி உங்களுக்குத் தெரியும். இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம். இரும்புப் பட்டை போட்ட பூட்ஸ் மாட்டினால் சுவரைப் பிடித்து இருபது முப்பது எட்டு வைப்பேன். ஐந்தாம் வகுப்பு வரை பள்ளி பக்கத்துத் தெருவில் இருந்தது. அம்மா தூக்கிக்கொண்டு போய் விட்டுவிடுவாள். ஆறாம் வகுப்புக்கான ஹைஸ்கூல் ஏரிக்கு அந்தப் பக்கம். எனக்கும் எடை கூடிவிட்டது, அம்மாவுக்கும் காலை எட்டு மணிக்கு டெண்ட் தைக்கும் கம்பெனியில் இருக்க வேண்டும். தினமும் ரிக்‌ஷா வைக்க வசதி இல்லை. படித்தது போதும், தையல் கற்றுக்கொள்ளட்டும் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அம்மா மட்டும் என்னைத் தூக்கிக்கொண்டு போய் ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்த்தாள். அந்த அம்மாள் என்னிடம் நாலு கணக்குக் கேட்டார், நாலையும் சொன்னேன். “சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் தினமும் நேரத்துக்கு வர வேண்டும். ஜூன் மாதம் முதல் வாரத்தில் ஒரு நாள் வரவில்லையென்றாலும் இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவேன்” என்றார்.

சோட்டு வந்து மூன்றாம் நாள் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை அப்படியே நிறுத்தினார். “ஏன், இது இவளை இழுக்காதா?” என்றார். அம்மா என்னைப் பார்த்தாள், நான் குதிரையைப் பார்த்தேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, சிவாஜிநகர் பக்கம் ஜட்கா வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். குதிரை சம்பந்தப்பட்ட எதிலும் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. அவர்தான் எங்களை முதலில் ஒரு பழைய பங்களாவுக்குக் கூட்டிப்போனார். வெள்ளைக்காரர் காலத்தில் குழந்தைகளை உலாவ அழைத்துப்போன சின்ன வண்டி ஒன்று அங்கே கொட்டகையில் கிடந்தது. வளைந்த மரப்பக்கங்கள், பின்னால் ஒரு குட்டிக் கதவு, அதற்குப் பித்தளைக் கைப்பிடி! உள்ளே பிரம்பு இருக்கை. அப்பா என்னைத் தூக்கி உள்ளே உட்கார வைத்தார். கதவைச் சாத்தினேன், திறந்தேன், மறுபடியும் சாத்தினேன். மாமா சக்கரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரல் பாதிவரை உள்ளே போயிற்று. கரையான். நான் கதவின் கைப்பிடியை விடமாட்டேன் என்று அழுதேன். அந்தக் கைப்பிடியின் குளிர்ச்சி இன்னமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

“கவலைப்படாதே. ஜட்காவையே அறுத்துச் சின்னதா பண்ணிக்கலாம். கெட்டி வண்டி, காலத்துக்கும் நிக்கும்” என்றார் மாமா.

அப்பாவுக்கு அந்தக் ‘கெட்டி’ என்ற வார்த்தை பிடித்துவிட்டது. இரண்டு வாரம் பட்டறை முடிந்து வந்து அதிலேயே கிடந்தார். பழைய ஜட்கா ஒன்றின் கூட்டை அறுத்து, மரத்துக்கு மரம் இரும்புப் பட்டை போட்டு, பச்சை பெயின்ட் அடித்தார். மாமா தன் பங்குக்குத் தோல் சேணம் கொண்டுவந்தார். கனமான கழுத்துப்பட்டை, சுற்றிலும் சலங்கை, கண்ணின் ஓரங்களை மறைக்கும் தோல் தட்டுகள். எல்லாம் பெரிய குதிரைக்குச் செய்தவை. கழுத்துப்பட்டைக்குள் கந்தல் துணியைத் திணித்துச் சோட்டுவுக்கு மாட்டினார்கள். அது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பெரியவர்களின் கோட்டை மாட்டிக்கொண்ட குழந்தை மாதிரி நின்றது. எனக்கோ பெருமை தாங்கவில்லை. சலங்கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன்.

வண்டிக்கு நாலு பக்கமும் அப்பா திரை கட்டினார். நல்ல நீலத் துணி. “உள்ள உக்காந்துக்கோ கண்ணு. யாரும் பாக்கமாட்டாங்க” என்றார். ‘என்னைப் பார்த்தால் அப்பாவுக்கு வெட்கமா?’ என்று நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. அவர் என்னைப் பற்றி வெட்கப்படவில்லை, தெருவில் நாலு பேர் ‘ஐயோ பாவம்’ என்று சொல்வதை என் காதில் விழாமல் தடுக்கப் பார்த்தார் என்று இந்த வயதில் புரிகிறது. புரிந்தாலும், அந்தத் திரை தப்புதான்.

வெள்ளோட்டத்துக்குத் தெருவே கூடியது. மாமா லகானைப் பிடித்து உட்கார்ந்தார், அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக ஏறினார். ஏறின அதே நொடியில் வண்டி பின்னால் சாய்ந்தது, முன்னால் குதிரையைப் பூட்டியிருந்த இரண்டு மரக்கைகளும் மேலே எழும்பின. வயிற்றுவார் இறுக்கிக் கட்டியிருந்ததால் சோட்டுவும் அதோடு எழும்பியது. முன்னங்கால்கள் இரண்டும் தரையை விட்டு ஒரு முழம் மேலே, காற்றில்! கூட்டம் ஓவென்று கத்தியது. சிலர் சிரித்தார்கள். சோட்டுவின் கண்ணில் வெள்ளை தெரிந்தது.

“இறங்குங்கய்யா! ரெண்டு பேரும் இறங்குங்க!” அம்மா ஓடிவந்து மரக்கைகளில் தொங்கி இழுத்துக் கீழே இறக்கினாள்.

அதற்கு அப்புறமும் மாமா விடவில்லை. நான் மட்டும் உள்ளே இருக்கட்டும், தான் நடந்தே ஓட்டுவதாகச் சொன்னார். சோட்டு இழுத்தது. தெருமுனை மேட்டில் கழுத்துப்பட்டை மேலே ஏறித் தொண்டையை நெரித்தது. கர் கர் என்று ஒரு சத்தம். திரைக்குள் இருந்ததால் எனக்கு எதுவும் தெரியவில்லை, சத்தம் மட்டும்தான் கேட்டது. வீட்டுக்கு வந்து பட்டையைக் கழற்றினால் தோளில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்திருந்தது.

அம்மா எண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசினாள். அப்பா பச்சை வண்டியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். “வேணாம். வாயில்லாத ஜீவனைக் கொன்னு நாம படிக்க வேணாம்” என்றார். மாமா, குதிரைதான் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பள்ளி திறக்க மூன்று வாரம் இருந்தது. அன்றைக்கு நான் அழவில்லை. சோட்டுவின் பக்கத்தில் உட்கார்ந்து, புண்ணில் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த வண்டி எங்களுக்குக் கிடைத்தது ரொட்டிக் கடையில். நாங்கள் ரொட்டி வாங்கும் பேக்கரிக்காரர் அப்போதுதான் மூன்று சக்கரச் சைக்கிள் வாங்கியிருந்தார். தெருத்தெருவாகத் தள்ளிக்கொண்டு வந்த பழைய வண்டி பேக்கரியின் பின்சுவரில் சாய்ந்து கிடந்தது. இரண்டு சைக்கிள் சக்கரம், நடுவில் தாழ்வாகத் தொங்கும் தகரப் பெட்டி, தள்ள ஒரு குழாய்க் கைப்பிடி, அவ்வளவுதான். அன்று காலை பன் வாங்கப் போனபோது அம்மா என்னை அந்தப் பெட்டிக்குள் இறக்கிவிட்டு வரிசையில் நின்றாள். பெட்டிக்குள் வெண்ணெய் பிஸ்கட் வாசனை. தகரத்தின் மூலைகளில் பல வருஷத்துத் தூள்.

திரும்பி வந்த அம்மா, கைப்பிடியைத் தூக்கினாள். தூக்கினவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“ஏய், நீ உள்ளதானே இருக்கே?”

“ஆமா.”

“எனக்குக் கனமே இல்லியேடி!”

நான் கொஞ்சம் முன்னால் நகர்ந்தேன். “இப்போ கனம்” என்றாள். பின்னால் நகர்ந்தேன், கைப்பிடி அவள் கையை விட்டுத் துள்ளியது. அச்சுக்கு நேர் மேலே ஓர் இடம் இருந்தது. அங்கே உட்கார்ந்தால் அம்மா ஒற்றை விரலில் என்னைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருவரும் பேக்கரியின் பின்பக்கத்தில் முன்னும் பின்னுமாக நகர்ந்து நகர்ந்து அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்தோம். அம்மாவுக்குக் கம்பெனிக்கு நேரமாகிவிட்டது, அவள் அதை மறந்தே போனாள்.

பேக்கரிக்காரர் வண்டியைச் சும்மா கொடுத்தார். “எட்துனு போம்மா, மழையில துருப்பிடிச்சிதான் போவுது” என்றார். அம்மா என்னை உள்ளே வைத்தே வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தாள். அப்பாவைக் கூப்பிட்டு, “விரலைக் குடு” என்றாள். அப்பா ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். சட்டையைக் கூட மாற்றாமல் பட்டறைக்குப் போய் இரண்டு குழாய்களைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

அடுத்த பத்து நாளை என்னவென்று சொல்ல! அப்பா பெட்டியின் மேல்பாதியை அறுத்தார், குழாயைச் சோட்டுவின் தோளுக்கு அளந்து வளைத்தார், அச்சுக்கு மேலே பலகை போட்டார். நான் காலை நீட்டிக்கொள்ள முன்னால் இடம் விட்டார். பின்பக்கத் தகரக் கதவைக் கீழே சாய்த்தால் தரையிலிருந்து ஒரே ஒரு படி உயரம். நானே ஏறலாம், நானே இறங்கலாம். அம்மா சேணத்தை எடுத்துக்கொண்டாள். டெண்ட் கம்பெனியில் கழித்துப்போட்ட அகல நாடா, உள்பக்கம் மெத்தென்று இருக்க மிலிட்டரி கம்பளித் துண்டு. கழுத்தில் எதுவும் வேண்டாம், நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பட்டை போதும் என்றாள்.

“நெஞ்சால தள்ளட்டும். நான் மூட்டையைத் தள்றப்போ கழுத்தாலயா தள்றேன்?”

அப்பாவுக்குத் தோல்தான் சேணம், நாடா வெறும் நாடாதான். முனகிக்கொண்டே இருந்தார். அம்மா காதிலேயே வாங்கவில்லை. சோட்டுவைக் குழந்தைக்குச் சட்டை அளப்பது போல அளந்தாள். நெஞ்சுப்பட்டை, முதுகில் ஒரு சின்ன மெத்தை, அதிலிருந்து குழாய்களைத் தாங்க இரண்டு வளையம். கடைசியாக, தொடைக்குப் பின்னால் சுற்றிவரும் ஒரு பட்டை. அது எதற்கு என்று அப்பா கேட்டார்.

“ஏரி ரோடு இறக்கத்துல வண்டி வந்து அது கால்ல இடிக்காதா? இதுல சாஞ்சிக்கினு வண்டியை நிறுத்தும்.”

அப்பா அவளை அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. ஜட்காவே தெரிந்த மாமா அதைச் சொல்லவே இல்லை. டெண்ட் தைக்கிற ஒருத்திக்கு அது தோன்றியிருக்கிறது.

கண் மறைக்கும் தட்டுகளை நான் வேண்டாம் என்றேன். திரைக்குள் உட்கார்ந்து கர் கர் சத்தம் கேட்டவள் நான். சோட்டுவுக்கும் வழி தெரியட்டும் என்றேன். புண் ஆறி மெல்லிய மயிர் முளைத்த பிறகுதான் அம்மா பட்டையை மாட்டவிட்டாள். முதல்முறை பூட்டியபோது சோட்டு காதை முன்னால் நிமிர்த்தி இரண்டடி வைத்தது. தோளில் எதுவும் உறுத்தவில்லை என்று தெரிந்ததும் துள்ளிக்கொண்டு கிளம்பியது. நான் உள்ளே இருந்தேன், லகான் என் கையில் இருந்தது. தெருவின் வீடுகள் என் இரண்டு பக்கமும் ஓடின. அதற்கு முன் என் வாழ்க்கையில் எதுவும் என்னால் ஓடியதில்லை, தோழிகளே.

அப்பா பின்னாலேயே ஓடிவந்து நிறுத்தினார். “மாமா ஓட்டட்டும். நீ சும்மா உக்காந்துக்கோ. நான் திரை போட்டுத் தரேன்.”

“திரை வேணாம்பா.”

“ஜனங்க பாப்பாங்கம்மா.”

“பாக்கட்டும். நானும் அவங்களைப் பாப்பேன். திரை போட்டா நான் எப்படிப்பா ஓட்டுவேன்?”

அவர் நீலத் துணியை உதறி மடித்தார். அப்புறம் அதைச் சோட்டுவின் வியர்வையைத் துடைக்கக் கொடுத்துவிட்டார்.

பள்ளி திறந்த நாள். அப்பா அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் நடந்து வந்தார். காலைத் தூறல், ரோடெல்லாம் மே மலர் மரங்கள் உதிர்த்த சிவப்பு இதழ்கள். ஏரி ரோட்டில் மிலிட்டரி லாரிகள் வரிசையாகப் போயின. குதிரை மிரளுமோ என்று அப்பாவுக்குப் பயம். சோட்டுவோ பேண்ட் வாத்தியத்திலும் சிங்கத்தின் உறுமலிலும் வளர்ந்தது, காதைக்கூட ஆட்டவில்லை. ஆபத்து நாங்கள் நினைக்காத இடத்தில் இருந்தது. சர்க்கிள் வந்தது. நடுவில் வட்டமாகப் புல்தரை, சுற்றிலும் ரோடு. சோட்டு அதைப் பார்த்தது. தலையை நிமிர்த்தியது. பிடரியைச் சிலிர்த்துக்கொண்டு வலப்பக்கம் பாய்ந்து, வட்டத்தைத் தன் இடப்புறம் வைத்து, சர்க்கஸ் நடையில் சுற்ற ஆரம்பித்துவிட்டது! எதிரே வரும் வண்டிகளெல்லாம் அலறி ஒதுங்கின. ஒரு சுற்று, இரண்டு சுற்று. நான் பயத்தில் கத்தினேனா, சந்தோஷத்தில் கத்தினேனா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

“ஏன்ரீ! ராங் சைடு! குதுரே ஹிட்கொள்ரீ!” குதிரையைப் பிடிக்கச் சொல்லிப் போக்குவரத்துக் காவலர் கன்னடத்தில் கத்தியபடி ஓடிவந்து விசில் ஊதினார். விசில் கேட்டதும் சோட்டு ஆணி அடித்தது மாதிரி நின்று, முன்னங்காலை மடித்து அவருக்கு ஒரு வணக்கம் போட்டது.

அப்பா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். “சர்க்கஸ் குதுரே சார். ரோடு கொத்தில்ல” என்றார், அதற்கு ரோடு தெரியாது என்று.

காவலர் குதிரையைப் பார்த்தார், என் பூட்ஸைப் பார்த்தார், புத்தகப் பையைப் பார்த்தார். “எல்லிகே ஹோக்தியம்மா?” எங்கே போகிறாய் என்று கேட்டார். “ஸ்கூலிகே” என்றேன். அவர் நாலு பக்கமும் கையை நீட்டினார். லாரி, பஸ், ஸ்கூட்டர் எல்லாம் நின்றன. நாங்கள் மட்டும் போனோம்.

பள்ளி வாசலில் நீங்கள் எல்லாரும் ஓடிவந்தது ஞாபகம் இருக்கிறதா? அப்பா வழக்கம்போல என்னைத் தூக்கக் கையை நீட்டினார். நான் தகரக் கதவைத் தள்ளி, நானே இறங்கி, சுவரைப் பிடித்து நின்றேன். அப்போதுதான் ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“இவள் உள்ளே வரலாம். குதிரை மாலை நாலு மணி வரைக்கும் எங்கே நிற்கும்?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். சக்கரம், அச்சு, பட்டை, வளையம் என்று இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டவர்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை! அதற்குள் சோட்டு த்ரோபால் மைதானத்தின் ஓரத்தில் முழங்கால் உயரம் வளர்ந்திருந்த புல்லை மேய ஆரம்பித்திருந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். “புல் வெட்ட ஆள் அனுப்பச் சொல்லி எத்தனை கடிதம் எழுதினேன்” என்றார். “அந்த மரத்தில் கட்டுங்கள்.” அதற்குப் பிறகு மூன்று வருஷம், எங்கள் வீடு பள்ளிக்குப் பக்கத்தில் மாறும்வரை, நம் மைதானத்தில் புல் உயரவே இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த முதல் நாள் மாலையைத்தான். அப்பா நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பட்டறையில் அவசர வேலை பிடித்துக்கொண்டது. ஐந்தாகியும் ஆளில்லை. ஆயாம்மா வாசலைப் பூட்ட வேண்டும் என்று நின்றாள். உங்களில் இரண்டு பேர் பட்டையைப் பிடித்துக்கொடுக்க, நான் சோட்டுவைப் பூட்டினேன். நானே கிளம்பினேன். வட்டம் அதன் கண்ணில் படுவதற்கு முன்பே லகானின் இடது வாரைக் குறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு, ஓரமாக, சரியான பக்கமாக, அதைத் தாண்டினேன்.

ஏரி ரோட்டின் மேட்டில் அம்மா எதிரே ஓடிவந்தாள். புடவையெல்லாம் டெண்ட் நூல். நாங்கள் இன்னும் வீடு திரும்பவில்லை என்று கேள்விப்பட்டுக் கம்பெனியிலிருந்து நேராக வருகிறாள்.

“அப்பா எங்கடி?”

“வரலம்மா.”

“நீயா ஓட்டினு வந்தே? தனியா?”

“ஆமா.”

அவள் வண்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். நான் பலகையில் நகர்ந்து இடம் விட்டேன்.

“ஏறும்மா.”

“அய்யே, குதிரை தாங்காது.”

“தாங்கும். இனிமே ரோடு சமம்தான். நான் சொல்ற எடத்துல உக்காரு.”

அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். “கொஞ்சம் முன்னால” என்றேன். நகர்ந்தாள். “இன்னும் கொஞ்சம். ஆ, போதும்.” வண்டி அலுங்காமல் நின்றது. சோட்டு நெஞ்சைப் பட்டையில் கொடுத்து இழுத்தது. ஏரிக்காற்று முகத்தில் அடித்தது. நடந்து போகிறவர்கள் நின்று நின்று பார்த்தார்கள். அம்மா முதலில் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு நிமிர்ந்தாள். அவிழ்ந்த கொண்டையை முடியக்கூட இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் என் காதருகே குனிந்து கேட்டாள்.

“ஏன்டி, இன்னும் வேகமா போவுமா இது?”